நிற்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் இருக்கும் ஒரு தம்பி தன் அக்காவுக்காகக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு 34 வயது. சேலம் பக்கத்து எளம்பிள்ளையில் விசைத்தறிப் பட்டறையில் வேலை. 2022 ஜனவரியில் கொரோனா வந்து, மூன்று நாள் காய்ச்சலோடு வீட்டிலேயே சரியாகிவிட்டது. அதற்கப்புறம் எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, நான்கு தோசை ஊற்றுவதற்குள் உட்கார்ந்துவிட வேண்டியிருக்கிறது. தறி முன்னால் நிற்க முடியாமல் வேலையை விட்டுவிட்டார். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த இடத்தில் "எல்லாம் மனபயம்தான்" என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தம்பி கேட்பது இதுதான்: இது மனசு சம்பந்தப்பட்டதா? உப்பு நிறையச் சாப்பிடச் சொல்கிறார்களே, சரியா? வெயில் காலத்தில் அக்காவை ஏற்காட்டுக்குக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாமா? ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டுதல் இருக்கிறது, போக முடியுமா?

தம்பி, நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்ட். 2021 கோடையில் இரண்டாம் அலை ஓய்ந்ததிலிருந்து உங்கள் அக்கா சொல்வதை அப்படியே சொல்லிக்கொண்டு வருபவர்களைப் பார்த்து வருகிறேன். மருந்து எழுதுவது டாக்டரின் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாததால்தான் இவ்வளவு நாள் அலைச்சல் என்று நினைக்கிறேன்.

உங்கள் அக்காவுக்கு ஈசிஜி எடுத்தபோது படுத்திருந்தார். எக்கோ எடுத்தபோதும் படுத்திருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தொந்தரவு வருவது நிற்கும்போது. நிற்கும்போது யாரும் எதையும் அளக்கவில்லை. அப்புறம் எப்படி ரிப்போர்ட்டில் தெரியும்?

நாம் படுத்திருந்து எழுந்து நின்றால், அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். எல்லோருக்கும் இது நடக்கிறது. கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் கொஞ்சம் இறங்கியதுமே அவை மூளைத்தண்டுக்குச் சேதி சொல்கின்றன. அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியாக உத்தரவு வரும்: கால், வயிற்று ரத்தக்குழாய்களை இறுக்கு, இதயத் துடிப்பைக் கொஞ்சம் கூட்டு. அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். நமக்கு நடந்ததே தெரியாது. நாம் நினைக்காமலே நடக்கும் இந்த வேலைகளைப் பார்ப்பதுதான் தானியங்கி நரம்பு மண்டலம். துடிப்பு, அழுத்தம், வியர்வை, செரிமானம், சிறுநீர்ப்பை, உடம்புச் சூடு, கண் பாப்பா சுருங்கி விரிவது, எல்லாம் அதன் பொறுப்பு.

கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு இந்த இறுக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. ரத்தம் கீழேயே தங்கிவிடுகிறது. மூளைக்குப் போவது குறையாமல் இருக்க இதயம் ஒன்றுதான் மிச்சம், அது வேகமாக அடித்துச் சமாளிக்கிறது. ரத்த அழுத்தம் விழுவதில்லை, துடிப்பு மட்டும் எகிறுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பாட்ஸ் (POTS) என்று பெயர். வயது வந்தவர்களுக்கு, எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடி, அப்படியே நின்று, கூடவே தொந்தரவும் இருந்து, இது 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் பாட்ஸ் என்று கணக்கு. 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 40 கூட வேண்டும். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அது வேறு, நிற்கும்போது வரும் தாழ் அழுத்தம். கொரோனாவுக்குப் பிறகு அதுவும் சிலருக்கு வருகிறது. வைத்தியம் கொஞ்சம் மாறும்.

இந்த நோய் கொரோனாவோடு பிறந்ததும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காய்ச்சலும் பேதியும் கண்டு தேறிய சிப்பாய்கள் நெஞ்சுப் படபடப்போடு திரும்பி வந்ததை டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதி வைத்திருக்கிறார். படுத்தால் துடிப்பு அடங்குகிறது, எழுந்தால் எகிறுகிறது என்று அப்போதே பார்த்திருக்கிறார். பாட்ஸ் என்ற பெயரில் 1993இல்தான் வரையறுத்தார்கள். பெரும்பாலும் 15 முதல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு, ஒரு வைரஸ் காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ பிறகு வரும். உங்கள் அக்கா அந்த வயது, அந்தக் கதை.

ஏன் கொரோனா இதைக் கிளப்புகிறது என்றால் ஒரே காரணம் இல்லை. சிலருக்கு எதிர்ப்பு சக்தி தடம் மாறி, ரத்தக்குழாய்க்கு உத்தரவு போகும் இடங்களையே தாக்குகிறது. சிலருக்குத் தோலிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் உள்ள மெல்லிய நரம்பு இழைகள் பழுதாகியிருக்கின்றன. சிலருக்கு உடம்பில் ரத்தத்தின் அளவே குறைந்திருக்கிறது. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தால் தசை இளைத்து இன்னும் மோசமாகும். ஒரே ஆளுக்கு இதில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டிய சோதனை. 2021இல் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் உங்கள் வீட்டு அலமாரியில் எங்காவது கிடக்கும். அதில் இரண்டு எண் வரும். ஆக்சிஜன் 98 என்று வந்ததும் நாம் நிம்மதியாகக் கழற்றி வைத்துவிடுவோம். நமக்கு வேண்டியது அந்த இன்னொரு எண், துடிப்பு. கூடவே கையில் கட்டும் ஆட்டோமேட்டிக் பிபி மெஷின் ஒன்றும் வேண்டும், மேல்கையில் கட்டுவதாகப் பாருங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். ஏற்காட்டுக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு போடுங்கள்.

காலையில், காபிக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் செய்வது நல்லது. அக்கா 10 நிமிடம் பேசாமல் மல்லாந்து படுக்கட்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் துடிப்பும் அழுத்தமும் இரண்டு முறை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்க, தோளை மட்டும் சுவரில் சாய்த்து நிற்கட்டும். காலை ஆட்டக் கூடாது, மாற்றி மாற்றி ஊன்றக் கூடாது, பேசக் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் எழுதுங்கள், 10 நிமிடம் வரை. பக்கத்தில் நீங்கள் நின்றே ஆக வேண்டும். மயக்கம் வரும் மாதிரி இருந்தால் உடனே நிறுத்திப் படுக்க வையுங்கள், எத்தனையாவது நிமிடம் என்று மட்டும் குறியுங்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டால் அதையும் எழுதுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நான் பார்த்த ஒருவரின் தாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்த பெண், 29 வயது. படுத்திருக்கும்போது துடிப்பு 74, அழுத்தம் 112க்கு 70. நின்ற முதல் நிமிடம் 101. மூன்றாவது நிமிடம் 110. ஐந்தில் 117. ஆறாவது நிமிடம் அவருடைய பாதத்தைப் பார்த்தேன். நம் நிறத்தில் சிவப்பது சட்டென்று தெரியாது. ஆனால் கால் நகத்தடியில் கருநீலம் ஓடியிருந்தது, புறங்கால் ரத்தக்குழாயெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிய இடத்துக்கு நிறம் திரும்ப வரவே நேரமானது. எட்டாவது நிமிடம் 124, அழுத்தம் 110க்கு 78. "கழுத்துக்குப் பின்னாடி யாரோ கோட்டு மேல கோட்டு மாட்டின மாதிரி கனக்குது" என்றார். கழுத்திலும் தோளிலும் அப்படிக் கனப்பதும் இந்த நோயில் அடிக்கடி கேட்பதுதான், அந்தத் தசைகளுக்கு ரத்தம் பற்றாமல் வரும் வலி. படுக்க வைத்தேன். இரண்டு நிமிடத்தில் 80க்கு வந்துவிட்டது. அவர் கையில் ஒரு பை நிறைய நார்மல் ரிப்போர்ட் இருந்தது.

இந்தத் தாள்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில். மனபயத்தால் வரும் படபடப்புக்குப் படுத்தால் ஒன்று, நின்றால் ஒன்று என்று கணக்குக் கிடையாது. இது நின்றால் ஏறுகிறது, படுத்தால் இறங்குகிறது, மறுநாள் செய்தாலும் அதே மாதிரி. அதோடு, இறங்கிய ரத்தத்தை மேலே தள்ள உடம்பு நாரட்ரினலினை அள்ளி விடுகிறது. பாம்பைப் பார்த்தால் சுரக்கும் அதே பொருள். கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும், காரணமில்லாமல் பதறும். அதைப் பார்த்துவிட்டு "பயந்த சுபாவம்" என்று எழுதிவிடுகிறார்கள். வருடக்கணக்கில் யாரும் நம்பாமல் இருந்தால் மனசும் சோர்ந்துபோகும், அதற்கும் உதவி தேவைப்படலாம், கேட்பதில் வெட்கம் இல்லை. ஆனால் தொடங்கிய இடம் அதுவல்ல. அக்கா வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் இந்த எண்களைக் காட்டுங்கள். அவர் வேலைக்குச் சோம்பிப் படுத்திருக்கிறார் என்று அந்த வீட்டில் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணம் முதலில் போக வேண்டும்.

டாக்டர் வேறு சில காரணங்கள் இல்லை என்று பார்த்து உறுதி செய்தாக வேண்டும். ஹீமோகுளோபின், அதோடு இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, பி12, சர்க்கரை, கர்ப்பமா என்பது. நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகை அவ்வளவு சாதாரணம், அதுவே நின்றால் படபடப்பைத் தரும். பாட்ஸ் இருப்பவர்களுக்கும் இரும்புச் சத்தைச் சரிசெய்தால் பாதி சுமை குறைந்த மாதிரி இருக்கும். எடை குறைந்து சாயங்காலக் காய்ச்சல் இருந்தால் காசநோயைப் பார்க்க வேண்டும். ஓடும்போதோ ஏறும்போதோ மயங்கி விழுவது, முன்னறிகுறி இல்லாமல் படுத்திருக்கும்போதே நினைவு தப்புவது, உழைக்கும்போது நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், ஆக்சிஜன் 94க்குக் கீழே போவது, இவையெல்லாம் பாட்ஸ் என்று வீட்டில் வைத்துக்கொள்ளும் விஷயங்கள் இல்லை. அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள் அக்காவிடம்: எப்போதாவது குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டாரா, ஏற்றிய பிறகு எப்படி இருந்தது என்று. இந்த நோயாளிகளில் பல பேர் "ஒரு பாட்டில் ஏத்துனா ரெண்டு நாள் நல்லா இருக்கேன்" என்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அதை மனத்திருப்தி என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அது நல்ல தடயம். பாட்டிலில் இருந்த சர்க்கரையால் வந்த தெம்பு கிடையாது அது, அதோடு ஏறிய உப்பு நீர் ரத்தத்தின் அளவைக் கூட்டியதால் வந்தது. அதற்காக வாராவாரம் ஊசி குத்திக்கொள்ள வேண்டாம். ஊசி குத்தும் ரத்தக்குழாய் கெடும், கிருமி ஏறும். அதே வேலையை வாய்வழியாகச் செய்யலாம்.

அதுதான் உங்கள் உப்புக் கேள்வி. அழுத்தம் கூடுதலாக இல்லாமல், சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருந்தால், பாட்ஸ் உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீரும், மொத்தம் 10 கிராம் வரை உப்பும் சொல்வார்கள். 10 கிராம் என்றால் சமையலில் இருப்பதையும் சேர்த்துத் தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் அளவு. டாக்டர் சரி என்ற பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: மற்ற எல்லோருக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. குழம்பில் உப்பை ஏற்றிவிட்டால் வீட்டில் பிபி இருக்கும் பெரியவருக்குத்தான் ஆபத்து. குழம்பு வழக்கம்போல் இருக்கட்டும், அக்கா தட்டில் மட்டும் தனியாகப் போடுங்கள்.

இதற்கு நம் வீட்டிலேயே நல்ல வழிகள் இருக்கின்றன. காலையில் நீராகாரம், உப்பு போட்டுப் பெரிய சொம்பு நிறைய. பதினோரு மணிக்கு நீர்மோர். எலுமிச்சை உப்புத் தண்ணீர். ஓஆர்எஸ் வாங்கினால் பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள், ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் பொடி, அதில் உப்பு 2.6 கிராம். அட்டை டப்பாவில் வரும் இனிப்பு பானங்கள் இதற்கு உதவாது. இளநீரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், நமக்கு வேண்டிய சோடியம் குறைவு. அதை நம்பி உப்பை விட்டுவிடக் கூடாது.

காலைதான் இவர்களுக்கு மோசமான நேரம். இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமல் ரத்தம் சுண்டியிருக்கும். தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, எழுவதற்கு முன் அரை லிட்டரை மடமடவென்று குடிக்கட்டும். அந்தத் தண்ணீர் நரம்பைத் தூண்டி ஒரு மணி நேரம் போல அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தி, ஐந்து நிமிடம் கழித்து எழட்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து நான்கு முதல் ஆறு அங்குலம் தூக்கினால் இரவில் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தலையணை அடுக்குவது அதற்கு ஈடாகாது, மொத்தக் கட்டிலும் சரிய வேண்டும்.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக. தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுக்குப் போய்விடும், மதியம் இரண்டு மணிக்குத் துவண்டு போவார். அதே சாப்பாட்டை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, சோற்றைக் குறைத்துப் பயறு, முட்டை, கொண்டைக்கடலையைக் கூட்டுங்கள். வயிறு உப்புசம், மலச்சிக்கல், திடீர்ப் பேதி எல்லாம் இருந்தால் அதுவும் இதே நரம்பு மண்டலத்தின் வேலைதான், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குளியலறையில் கவனம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் கொதிக்கக் கொதிக்கத் தலைக்கு ஊற்றுவது நம் வழக்கம். சூட்டில் தோலின் ரத்தக்குழாய் எல்லாம் விரியும், அங்கேயே விழுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், உட்கார ஒரு முக்காலி, கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் ஒருவர் குரல் கேட்கும் தூரத்தில். குந்தி உட்காரும் கழிப்பறை இன்னொரு இடம். குந்தும்போது அழுத்தம் நன்றாகத்தான் இருக்கும், சடாரென்று எழும்போதுதான் கண் இருட்டும். மேலே வைக்கும் கமோடு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிடுங்கள். சமையலுக்கு அடுப்பைத் தாழ வைத்து உட்கார்ந்து செய்யட்டும். அரிவாள்மனையில் காய் நறுக்கி வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

காலுறை பற்றிச் சொல்வார்கள். முட்டி வரைக்கும் போடுவதில் பிரயோஜனம் குறைவு. இடுப்பு வரை வருவதுதான் பிடிக்கும். ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் அதை யார் போடுவது? நான் சொல்வது வயிற்றுக்கட்டு. பிரசவத்துக்குப் பிறகு கட்டும் பெல்ட் மெடிக்கல் கடையில் கிடைக்கும். கீழே தங்கும் ரத்தத்தில் பெரும்பங்கு வயிற்றில்தான் தங்குகிறது, அதனால் அங்கே இறுக்குவது நன்றாகவே கேட்கும். நிற்கும் நேரத்துக்குக் கட்டிக்கொண்டு, படுக்கும்போதும் சாப்பிடும்போதும் தளர்த்திவிட வேண்டும்.

உடற்பயிற்சி விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2021இல் வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு "தினம் 20 நிமிடம் நடங்கள், வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். முதல் வாரம் சமாளித்தார். மூன்றாம் வாரம் ஆட்டோவின் பின் சீட்டில் படுத்துக்கொண்டு வந்தார். நடந்த அன்று ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் கழித்து உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிறது, பேச்சே குழறுகிறது என்றார். நான் அதை அலுப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் தொடரச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். உழைப்புக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் தள்ளி வரும் இந்தச் சரிவு, கொரோனா போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் லாங் கோவிட்டில் பலருக்கு உண்டு. இதே சரிவு உள்ள நாள்பட்ட களைப்பு நோய்க்குக் கட்டாயமாக ஏற்றிக்கொண்டே போகும் பயிற்சியைப் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் தன் வழிகாட்டியிலிருந்து எடுத்துவிட்டது. அந்த ஆசிரியையை நினைக்காமல் இன்றைக்கும் யாருக்கும் பயிற்சி எழுதுவதில்லை.

ஆகவே அக்காவிடம் முதலில் கேளுங்கள்: ஒரு நாள் கூடுதலாக வேலை செய்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அப்படிச் சரிகிறாரா? சரிந்தால் இப்போதைக்குப் பயிற்சி கிடையாது. நல்ல நாளிலும் முடிந்ததில் பாதியோடு நிறுத்த வேண்டும். நல்ல நாள் வந்துவிட்டதே என்று மூன்று நாள் துணியை ஒன்றாகத் துவைப்பதுதான் பலரையும் கவிழ்க்கிறது. சரிவு இல்லையென்றால் படுத்தபடியே தொடங்கலாம். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, மல்லாந்து படுத்துக் காற்றில் சைக்கிள் மிதிப்பது, ஐந்து நிமிடம். இரண்டு வாரம் தொந்தரவு இல்லையென்றால் உட்கார்ந்து செய்வது. நின்று செய்வது கடைசியில், மாதங்கள் கழித்து. தொடைத் தசையும் கெண்டைக்காலும் பலப்பட்டால் அவையே ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும்.

மருந்துகளில் குறைந்த அளவு ப்ரோப்ரனலால், ஐவாப்ரடின், மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்று சில உண்டு. எது யாருக்கு என்பது அந்தத் தாளில் உள்ள எண்களைப் பொறுத்தது. ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும் ஐவாப்ரடின் கூடாது. மிடோட்ரின் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. கடையில் கேட்டு வாங்கும் சமாச்சாரம் எதுவும் இதில் இல்லை. முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்கே போகலாம். தாளைக் காட்டி, "நிற்கும்போது அளந்தது இது, பாட்ஸாக இருக்குமா பாருங்கள்" என்று நேராகக் கேளுங்கள். டாக்டர் அங்கேயே ஒரு முறை நிற்க வைத்துப் பார்த்தால் போதும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸில் தானியங்கி நரம்புகளுக்கென்றே பரிசோதனைக்கூடம் இருக்கிறது, இங்கிருந்து நான்கு மணி நேரப் பயணம். லட்சக்கணக்கில் கேட்டு ஸ்டெம் செல், ரத்தம் சுத்திகரிப்பு என்று வருபவர்களிடம் கொலுசைக்கூட அடகு வைக்காதீர்கள்.

சரி, ஏற்காடு. குளிர்ச்சி இவர்களுக்கு மருந்து மாதிரி. சேலத்தில் 40 டிகிரி அடிக்கும்போது அங்கே 30ஐத் தாண்டுவது அபூர்வம். அதனால் கூட்டி வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் மூன்று விஷயம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வாந்தி எடுத்தால் குடித்த நீரெல்லாம் போய்விடும். காரின் பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்து வரட்டும், வழியில் ஒரு முறை நிறுத்துங்கள். இரண்டாவது, ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. முதல் சில நாள் துடிப்பு இன்னும் கொஞ்சம் கூடும், சிறுநீரும் அதிகம் போகும். நான்கு நாளைக்குப் படியேறாமல், தண்ணீரைக் கூட்டிக் குடித்து ஓய்வில் இருக்க வேண்டும். அதற்குள் சோதனை செய்தால் எண் கூடக் காட்டும், எளம்பிள்ளையிலேயே முதலில் செய்துவிடுங்கள். மூன்றாவது உங்கள் வீட்டின் படிகள். ஏற்காட்டில் பல வீடுகளுக்கும் பத்துப் படியாவது இறங்கி ஏறித்தான் போக வேண்டும். வாசலை ஒட்டிய அறை, கழிப்பறை அதே மட்டத்தில், அப்படி ஒரு இடம் இருந்தால் சரி. எஸ்டேட் காட்டைச் சுற்றிக் காட்டுவதெல்லாம் இரண்டாவது மாதம் பார்த்துக்கொள்ளலாம். திரும்பும்போது நேராக உச்சி வெயிலில் கொண்டுபோய் இறக்காதீர்கள். ஒரு மழை பெய்து சேலம் கொஞ்சம் தணிந்த பிறகு, சாயங்கால நேரம்.

எப்போது சரியாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அக்கா கேட்பார். நான் பார்த்தவர்களில் நிறையப் பேர் ஒன்றிரண்டு வருடத்தில் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். சிலருக்கு இன்னும் இருக்கிறது, கட்டுக்குள் இருக்கிறது. மாதவிலக்கு நாட்களிலும், வெயிலிலும், இன்னொரு காய்ச்சல் வந்தாலும் பின்வாங்கும், மறுபடி ஏறும். அந்தக் கொலுசுப் பட்டறைப் பெண் இப்போது வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிறார், பாதி நாள் வேலை. விசைத்தறி முன்னால் எட்டு மணி நேரம் நிற்பது அக்காவுக்கு இந்த வருடம் நடக்காது. நூலைத் தாராகச் சுற்றுவது, புடவை மடிப்பது மாதிரி உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்குமா என்று பட்டறை முதலாளியிடம் இப்போதே பேசி வையுங்கள்.

ஆடிப் பொங்கலுக்குப் போகலாம். கூட்டம் நெரியும் நாளையும் உச்சி நேரத்தையும் விட்டுவிட்டு, வேறொரு நாள் விடியற்காலையில் போங்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் அரை லிட்டர் தண்ணீர், வயிற்றுக்கட்டு, கையில் உப்பு போட்ட மோர் பாட்டில், ஒரு மடக்கு ஸ்டூல். வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவர் ஓரமாக உட்கார்ந்திருந்து முறை வரும்போது வரட்டும். சன்னதி முன்னால் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் காலைப் பின்னி, தொடையை இறுக்கி நிற்கச் சொல்லுங்கள். பொங்கல் அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். பானையில் அரிசி போடும்போது மட்டும் அவர் வந்து குந்தி உட்காரட்டும். எழும்போது கை கொடுங்கள்.